கடலில் கரைத்த பெருங்காயமா?

புனேயிலிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் சஹ்யாத்திரி மலையைத் தாண்டிப் போக வேண்டும். ஆனாலும் வானவடியில் குடியிருக்கும் தமிழனுக்கும் கடலுக்கும் உள்ள உறவு அறுந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் பையுடன் கேம்ப் சிவாஜி மார்க்கெட்டுக்குப் போகிறவர்களில் தமிழர்களுக்குக் குறைவில்லை. மீன்காரி 'சுர்மை' என்பாள். இவர்கள் 'சீலா' என்பார்கள், 'வஞ்சிரம்' என்பார்கள். பெயர் மாறினாலும் மீன் ஒன்றுதான். விலையைக் கேட்டு முகம் சுளிப்பதிலும் வேற்றுமை இல்லை.

அப்படி மார்க்கெட்டிலிருந்து திரும்பிய இருவர் வானவடியில் ஒரு டீக்கடை வாசலில் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், வயதில் மூத்தவர், ஒரு கம்பெனியில் குமாஸ்தா. மற்றவர் கட்டட வேலை பார்க்கும் இளைஞர்.

"கேட்டீங்களா அண்ணாச்சி! நம்ம ஊர்க் கடலுக்குள்ளே சிமெண்டுக் கல்லு இறக்கப் போறாங்களாம். அம்பது கோடி ரூபாயாம். நாம இங்கே வெயில்லே நின்னு சம்பாதிச்சுக் கட்டுற வரி, அங்கே கடலுக்கு அடியிலே போகுதா?"

"தம்பி, கல்லைப் போட்டா மீன் வரும்லா. அது பாட்டன் காலத்துச் சங்கதி. ஆனா போட்டாங்களா, போடலையான்னு எவன் முங்கிப் பார்க்கப் போறான்?"

இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. தம்பியின் சந்தேகம் பணத்தைப் பற்றியது. அண்ணாச்சியின் சந்தேகம் கணக்கைப் பற்றியது. கடலுக்கு அடியில் செயற்கைப் பார் அமைக்க அரசு பணம் செலவிடுவது சரிதானா என்ற கேள்வியை இந்த இரண்டு கோணங்களிலும் பார்த்தாக வேண்டும்.

பார் என்றால் என்ன?

கடலடியில் பாறை படிந்த மேட்டைத் தென்பாண்டிக் கடற்கரையில் 'பார்' என்பார்கள். முத்துக் குளித்த காலத்தில் முத்துச் சிப்பி விளைந்த இடத்துக்கு முத்துப் பார் என்று பெயர். மணலும் சேறும் மட்டுமே உள்ள கடலடி, புல் முளைக்காத பொட்டல் போன்றது. அங்கே பாசி பற்ற இடமில்லை, சிப்பி ஒட்ட இடமில்லை, குஞ்சு மீன் ஒளிய இடமில்லை. பாறை இருந்தால் கதையே வேறு. முதலில் பாசியும் சிப்பியும் ஒட்டும். அவற்றைத் தின்ன சிறு மீன் வரும். சிறு மீனைத் தின்னக் கலவாவும் விளமீனும் வரும். கணவாய் வந்து முட்டையிடும்.

இயற்கையான பார் இல்லாத இடத்தில் மனிதன் கட்டிக் கொடுப்பதுதான் செயற்கைப் பார். இது வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த வித்தை அல்ல. மரக்கிளைகளையும் தென்னை ஓலைகளையும் கட்டி, மணல் மூட்டை வைத்துக் கடலில் இறக்கி, அங்கே கூடும் மீனைப் பிடிக்கும் வழக்கம் கட்டுமர மீனவர்களிடம் வெகு காலமாக உண்டு. ஓலை சில மாதங்களில் அழுகிவிடும். அதற்குப் பதிலாக இப்போது கான்கிரீட் வந்திருக்கிறது. முக்கோண வடிவம், கிணற்று உறை போன்ற வளைய வடிவம், கலவா மீன் பதுங்குவதற்கென்றே ஓட்டைகள் வைத்த வடிவம் என்று பல வகையாக வார்க்கிறார்கள். கொச்சியில் தலைமையகம் கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இதற்கு வழி காட்டுகிறது.

பணம் எவ்வளவு?

கணக்கைப் பார்க்காமல் கோபப்படுவதும் தவறு, கும்பிடுவதும் தவறு. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் 2020-இல் தொடங்கப்பட்டது. மத்திய அரசு, மாநில அரசுகள், பயனாளிகள் ஆகிய மூவரின் பங்கும் சேர்ந்து இதன் மொத்த மதிப்பு 20,050 கோடி ரூபாய். இதில் 10 கடலோர மாநிலங்களில் 732 செயற்கைப் பார்களுக்கு 126 கோடி ரூபாய் என்று 2024 ஜனவரியில் மத்திய அரசு தெரிவித்தது. அதாவது மொத்தத் திட்டத்தில் நூறு ரூபாய்க்கு 63 காசு.

அதே மாதக் கடைசியில் கேரளத்தில் விழிஞ்ஞத்தில் ஒரு திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. திருவனந்தபுரம் மாவட்டக் கடலில் 42 இடங்கள், மொத்தம் 6,300 கான்கிரீட் அமைப்புகள், செலவு 13 கோடியே 2 லட்சம் ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு 150 அமைப்புகள், 31 லட்சம் ரூபாய். புனேயில் இரண்டு அறை கொண்ட ஒரு பிளாட்டை இந்த விலைக்கு வாங்க முடியாது. ஒரு மீனவக் கிராமமே பிழைக்க வழி செய்யும் என்றால் இந்தத் தொகை அதிகம் என்று சொல்ல முடியாது.

'செய்யும் என்றால்' என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தூத்துக்குடி கற்ற பாடம்

மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை 21 தீவுகள் இருந்தன. இப்போது 19 தான். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. கடல் தானாக வந்து விழுங்கிவிடவில்லை. தீவுகளைச் சுற்றி வேலி போல நின்ற பவழப் பாறைகளை மனிதன் வெட்டி எடுத்தான். சுண்ணாம்புக்காகவும், கார்பைடு ஆலைக்காகவும், கட்டட வேலைக்காகவும் படகு படகாகக் கரைக்கு வந்தது பவழம். 1986-இல் அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989-இல் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. ஆனாலும் வெட்டுவது உடனே நிற்கவில்லை. 2001-இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவழம் சேர்க்கப்பட்டது. புலிக்கு உள்ள பாதுகாப்பு பவழத்துக்கும் கிடைத்தது. அதற்குப் பிறகே மெல்ல மெல்ல நின்றது.

வேலி போனால் பயிர் என்ன ஆகும்? தூத்துக்குடிக்கு எதிரே உள்ள வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் இருந்தது. 2014 வாக்கில் சுமார் 2 ஹெக்டேராகத் தேய்ந்துவிட்டது. அடுத்து மூழ்கப் போவது இதுதான் என்று எல்லாரும் கைவிட்ட நிலையில், 2015-இல் பருவநிலை மாற்றத்துக்கான தேசிய நிதியிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குச் சுமார் 25 கோடி ரூபாய்த் திட்டம் கிடைத்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும் சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் துணை நின்றன. துவாரங்கள் வைத்த கான்கிரீட் அமைப்புகள் ஆயிரக்கணக்கில் தீவின் முன்னால் இறக்கப்பட்டன. அலையின் வேகம் தணிந்தது. தீவு தேய்வது நின்றது. இன்று வான் தீவு இருக்கிறது.

இந்த அனுபவத்தின் பேரில்தான் பக்கத்திலுள்ள காரியச்சல்லித் தீவுக்கும் திட்டம் வந்தது. 1969-இல் 20 ஹெக்டேருக்கு மேல் இருந்த தீவு 2024-இல் 3 ஹெக்டேர் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. உலக வங்கி உதவியுடன் தமிழக அரசு நடத்தும் நெய்தல் மீட்சித் திட்டத்தில், சுமார் 8,500 அமைப்புகளை இறக்க 50 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. டீக்கடைத் தம்பி சொன்ன ஐம்பது கோடி இதுதான்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. பவழத்தை வெட்டி விற்று லாபம் பார்த்தவர்கள் யாரோ. அதைச் சரிக்கட்டப் பணம் கொடுப்பது யார்? ஊரார் வரிப்பணம்! ஒரு தலைமுறை கிள்ளி எடுத்ததை அடுத்த தலைமுறை அள்ளிக் கொட்டி நிரப்ப வேண்டியிருக்கிறது. கடலைக் கெடுக்காமல் விட்டிருந்தால் இந்தச் செலவே இல்லை. இதை மறந்துவிட்டுக் கல் போடும் விழாவுக்கு மட்டும் மாலை மரியாதை செய்வது முறையாகாது.

வெளிநாட்டில் நடந்த வினை

நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சாட்சி இருக்கிறது. புளோரிடா மாநிலத்தில் போர்ட் லாடர்டேல் நகருக்கு எதிரே, 1972-இல் ஏறத்தாழ 20 லட்சம் பழைய டயர்களைக் கட்டிக் கடலில் இறக்கினார்கள். மீனுக்கு வீடும் ஆயிற்று, குப்பைக்கு வழியும் ஆயிற்று என்று மகிழ்ந்தார்கள். நடந்தது என்ன? கட்டிய கட்டு அற்றுப் போயிற்று. டயர்கள் புயலில் புரண்டு, பக்கத்திலிருந்த உண்மையான பவழப் பாறைகளை இடித்து நொறுக்கின. பின்னர் ராணுவ முக்குளிப்போரை அனுப்பி, அந்த டயர்களை எடுக்க மறுபடியும் அரசுப் பணம் செலவாயிற்று.

இதற்கு நேர்மாறாக ஜப்பான். அங்கே 1976 முதல் அரசே திட்டமிட்டு, ஆண்டுக்காண்டு நிதி ஒதுக்கி, கரையோர மீன்பிடித் தளங்களை மேம்படுத்தி வந்திருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அவரவர் கடல் மீது உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு. கல் போட்டதோடு வேலை முடிந்தது என்று அவர்கள் நினைப்பதில்லை.

கூட்டிய மீனா, பெருகிய மீனா?

செயற்கைப் பார் பற்றி விஞ்ஞானிகளிடையே ஒரு வழக்கு நெடுங்காலமாக நடக்கிறது. பார் அமைத்தால் மீன் புதிதாகப் பெருகுகிறதா, அல்லது அங்குமிங்கும் சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் கூடுகிறதா என்பதே அது. இரண்டும் உண்டு என்பதுதான் அனுபவம். இடத்தையும் மீன் வகையையும் பொறுத்து அளவு மாறும்.

பாமரனுக்கு இது வெறும் ஏட்டு விவாதமாகத் தோன்றலாம். அப்படியல்ல. மீன் பெருகினால் அது வரவு. சிதறிக் கிடந்த மீன் ஓரிடத்தில் கூடினால், அது திருடனுக்கு வசதியாகப் பணத்தை எல்லாம் ஒரே பெட்டியில் வைத்த கதை. நாலு பெரிய படகு வந்து வளைத்தால் நாலே நாளில் துடைத்துவிடலாம். அப்போது அரசு போட்ட 31 லட்சம், மீனை அழிக்கப் போட்ட பணமாகிவிடும்.

ஆகவே பாரைச் சுற்றி யார் மீன் பிடிக்கலாம், எதைக் கொண்டு பிடிக்கலாம் என்ற கட்டுப்பாடு இல்லாமல் பார் அமைப்பதில் பயனில்லை. தூண்டில் போடுகிறவனுக்கும், சிறு வலை விடுகிறவனுக்கும் இடம் கொடுக்க வேண்டும். கடலடியை அரித்துச் செல்லும் இழுவை மடிக்கு அங்கே இடமில்லை. தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்பது விதி. அந்த விதி ஒழுங்காக நடந்தால் நாட்டுப்படகுக்காரனுக்கும் விசைப்படகுக்காரனுக்கும் இத்தனை சண்டை வருமா?

கடலுக்கு அடியில் கிடக்கும் கான்கிரீட் கல், இழுவை மடி சிக்கிக் கிழிவதற்கும் காரணமாகிறது. அதனாலேயே நாட்டுப்படகு மீனவர் பலர் இதை வரவேற்கிறார்கள். போலீஸ் இல்லாத இடத்தில் கல்லாவது காவல் நிற்கிறதே என்பது அவர்கள் எண்ணம். ஆனால் விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் ஏழைதான். அவன் முதலாளியின் வலை கிழிந்தால் அவன் பங்கிலும் பிடித்தம் விழும். ஆகவே கல் கிடக்கும் இடம் எது என்பதை எல்லாப் படகுக்காரர்களுக்கும் முன்கூட்டியே தெரிவிப்பது நியாயம். ஒளித்து வைத்துக் கண்ணி வைப்பது அரசுக்கு அழகல்ல.

கணக்கு எங்கே?

ஆபீசில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வேலை முடிவது வேறு, பைல் முடிவது வேறு. ரோடு போட்டால் குழி விழுந்ததும் ஊரே பார்க்கும். பள்ளிக்கூடம் கட்டினால் சுவர் வெடித்ததும் பிள்ளைகள் சொல்லும். கடலுக்கு அடியில் பதினைந்து மீட்டர் ஆழத்தில் போட்ட கல்லை யார் பார்ப்பது? 150 போட்டதாக எழுதி 100 போட்டாலும் மீன் வந்து சாட்சி சொல்லாது. தேர்ந்த இடத்தில் போடாமல் சேற்றில் போட்டால் ஒரே மழைக்காலத்தில் புதைந்துவிடும். அண்ணாச்சி கேட்டது இதைத்தான்.

இதற்கு வழியில்லாமல் இல்லை. முதலாவது, எங்கே போடுவது என்பதை அந்தக் கடலில் தொழில் செய்கிற மீனவர்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். நீரோட்டம் எப்படி, அடியில் மணலா சேறா என்பது ஏட்டில் படித்தவனைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். இரண்டாவது, கல்லை இறக்கும் நாளில் ஊர்க்காரர் இருவர் படகில் இருந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாவது, ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு கழித்து முக்குளிப்போரை அனுப்பிப் படம் எடுத்து, எத்தனை கல் நிற்கிறது, என்ன மீன் இருக்கிறது என்பதைத் தமிழில் எழுதி ஊர்ப் பலகையில் ஒட்ட வேண்டும். திட்டச் செலவில் இதற்கென்று ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்கிவிட வேண்டும். காண்டிராக்டருக்குக் கடைசித் தவணையை முதல் பரிசோதனைக்குப் பிறகே கொடுக்க வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரிக்குக்கூட ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுத்தானே பாக்கிப் பணம் கொடுக்கிறார்கள்?

இன்னொன்றும் உண்டு. ஒரு கையால் கல் போட்டு மறு கையால் சாக்கடையைத் திறந்துவிட்டால் என்ன பயன்? ஊர்க் கழிவும் ஆலைக் கழிவும் கடலில் கலக்கும் வரை, மீனுக்குக் கட்டிக் கொடுத்த வீடு குடியிருக்க லாயக்கற்ற வீடாகவே இருக்கும். கடல் சூடேறுவதை எந்தக் கல்லும் தடுக்காது. 2016-இல் மன்னார் வளைகுடாவில் வெப்பம் தாங்காமல் பவழங்கள் வெளுத்துச் செத்தன. செயற்கைப் பார் மருந்துகளில் ஒன்று. அதுவே சர்வரோக நிவாரணி அல்ல.

புனேத் தமிழனுக்கு என்ன?

"நாம இங்கே கிடக்கோம். அங்கே என்ன நடந்தா என்ன?" என்று சிலர் கேட்கலாம். வேம்பாரிலும் தருவைகுளத்திலும் புன்னக்காயலிலும் கடல் வற்றினால், அந்த ஊர்ப் பையன் அடுத்த ரயிலில் ஏறி வெளியூருக்குத்தான் வருவான். ஏற்கெனவே பத்துப் பேர் படுக்கும் அறையில் பதினோராவது பாய் விரிக்க வேண்டியிருக்கும். பிழைப்பு ஊரிலேயே கிடைத்தால் எவன் மொழி தெரியாத ஊரில் வந்து சித்தாள் வேலை பார்ப்பான்? கடலுக்கு அடியில் போடும் பணம், சரியாகப் போட்டால், அவனை ஊரில் நிறுத்தி வைக்கும் பணம்.

வெளியூரில் இருக்கிறவன் கையாலாகாதவன் அல்ல. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில், தமிழிலேயே, புனேயிலிருந்தே தமிழ்நாடு மீன்வளத் துறைக்கு மனு எழுதலாம். எந்த இடத்தில் எத்தனை கல், என்ன செலவு, யார் காண்டிராக்டர், பரிசோதனை நடந்ததா என்று கேட்கலாம். பொதுவாக 30 நாளில் பதில் தர வேண்டும் என்பது சட்டம். கணக்கு எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் புனேயில் எத்தனை பேர்! மாதம் ஒருவர் ஒரு மனு எழுதினால் போதும்.

மே மாதம் பிள்ளைகளின் லீவுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரசில் ஊருக்குப் போகிறவர்கள் இன்னொன்றும் செய்யலாம். மே முதல் தேதி கிராம சபை கூடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமாதலால் விசைப்படகுக்காரர்களும் அப்போது கரையில்தான் இருப்பார்கள். எழுந்து நின்று, "நம்ம ஊர்க் கடலிலே போட்ட கல்லு எத்தனை? நிக்கிறது எத்தனை?" என்று கேட்கட்டும். இரண்டே கேள்விதான்.

அரசு கடலில் பணம் போடுவது தவறல்ல. போட்ட பணத்தை மறந்துவிடுவதுதான் தவறு. கேட்பார் இருந்தால் அது கடலுக்குள் கட்டிய வீடு. கேட்பார் இல்லையென்றால் அது கடலில் கரைத்த பெருங்காயமே.